கணினிச் சிற்பிக்கு எந்த உளி வேண்டும்?

சென்ற ஆவணி விடுமுறையின்போது தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். எப்போதும் கலகலப்பாக இருக்கும் அவ்வீட்டில் அன்று ஒருவித மௌனம் குடிகொண்டிருந்தது. தேநீர் கொண்டுவந்து வைத்த தமக்கையார், "தம்பி, இந்தக் காப்புகள் இரண்டையும் அடைவு வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?" என்று மெல்லக் கேட்டார். நான் திடுக்கிட்டேன். என்ன இடர் வந்ததோ என்று விசாரித்தபோது செய்தி வெளிவந்தது.

தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் வடிவமைப்புப் பயிலும் அவர் மகள், வகுப்புக் கண்காட்சிக்கென ஒரு தேநீர்ச் சாடியைக் கணினியிலே அமைத்திருந்தாள். சாடியின் உருவத்தை ஒரு மென்பொருளிற் சமைத்து, பின்னர் அதனைப் பிறிதொரு மென்பொருளுக்குக் கொண்டுசென்று, அங்கே ஒளியும் நிழலும் ஊட்டிப் படமெடுத்திருக்கிறாள். படத்திலே சாடியின் வயிறு கண்ணாடிபோல் வழுவழுப்பாகவே இருந்தது. ஆனால், அதன் புறவிளிம்போ கல்லில் மோதுண்ட ஓட்டைப்போலச் சிறுசிறு முனைகளாக முறிந்து தோன்றியது. கணினி விற்கும் கடையொன்றிற் காட்டியபோது, "இந்த இயந்திரத்துக்கு வலுப் போதாது. புதிய கணினியும் விலைகூடிய மென்பொருளும் வாங்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். காப்புகளின் பேச்சு எழுந்தது அதனாலேதான்.

"மாமா, வயிறு வழுவழுப்பாக இருக்கும்போது விளிம்பு மட்டும் எப்படி உடையும்?" என்று மருமகள் கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால், எந்த மென்பொருளை வாங்குவது, எதனை எதனோடு சேர்ப்பது, எதற்குப் பணம் செலவிடுவது என்ற மற்றைய கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இன்று நம் மாணவர் பலர் கட்டடக்கலை, நகை வடிவமைப்பு, இயந்திரவியல், திரைப்படக்கலை என்று பல துறைகளிலும் கணினியில் முப்பரிமாண உருவங்களைச் சமைக்கின்றனர். அவர்களுக்கும், அவர்களுக்காகச் செலவு செய்யும் பெற்றோருக்கும் பயன்படுமென்று கருதியே இதனை எழுதலானேன்.

இரண்டு தொழில்கள்

கன்னார் ஒருவர் செம்பு அடிப்பதைக் கண்டிருப்பீர்கள். வயிறு எவ்வளவு பருக்கவேண்டும், கழுத்து எவ்வளவு ஒடுங்கவேண்டும், வாய் எவ்வளவு விரியவேண்டும் என்பதே அவருடைய கவலை. செம்பு முடிந்தபின் புகைப்படக்காரர் ஒருவர் அதனைப் படமெடுக்க வருகின்றார். விளக்கை எங்கே வைப்பது, நிழல் எப்பக்கம் விழவேண்டும், உலோகத்தின் பளபளப்பு எந்த இடத்திற் கண்ணைக் கவரவேண்டும் என்பன அவருடைய கவலைகள். ஒருவர் தொழில் உருவத்தைப் பற்றியது. மற்றவர் தொழில் ஒளியைப் பற்றியது. நல்ல கன்னார் நல்ல புகைப்படக்காரராகவும் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை.

கணினியிலும் இவ்வாறே. பரப்புகளை வளைத்தும் இணைத்தும் ஒரு பொருளின் உருவத்தை அமைப்பது ஒரு தொழில். இதனை ‘மொடலிங்’ என்பர். நாம் உருவமைப்பு என்போம். அமைத்த உருவத்துக்கு நிறமும் தன்மையும் கொடுத்து, விளக்குகளை நிறுத்தி, ஒளி எவ்வாறு விழுந்து தெறிக்கும் என்று கணக்கிட்டுப் படமாக்குவது இன்னொரு தொழில். இதனை ‘ரெண்டரிங்’ என்பர். நாம் ஒளியூட்டல் என்போம். இவ்விரண்டையும் ஒரே மென்பொருள் செய்வதும் உண்டு. ஆயினும், ஒன்றிற் சிறந்தது மற்றதிலும் சிறந்ததாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஆதலினாலேயே தேர்ந்த கலைஞர் பலர் உருவமைப்புக்கு ஒன்று, ஒளியூட்டலுக்கு ஒன்று என இரண்டு மென்பொருள்களைச் சேர்த்துக் கையாள்கின்றனர்.

உலகறிந்த சாடி

மருமகள் தேநீர்ச் சாடியைத் தெரிந்தெடுத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால், கணினி வரைகலை வரலாற்றிலே தேநீர்ச் சாடிக்குத் தனி இடம் ஒன்று உண்டு.

1975 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தம் முறைகளைச் சோதிப்பதற்கு ஏற்ற பொருளொன்று அவருக்குத் தேவைப்பட்டது. வீட்டிலே தேநீர் அருந்தும் வேளையில், "இந்தத் தேநீர்ப் பாத்திரங்களையே வரையலாமே" என்ற யோசனையை அவருடைய மனைவி சாண்ட்ரா கூறினார். நியூவெல் வரைபுத்தாளை எடுத்து, மெலிட்டா என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் சாடியைப் பார்த்துப் பென்சிலால் வரைந்தார். வளைவுகளைக் கட்டுப்படுத்தும் புள்ளிகளைக் குறித்து, அவற்றின் எண்களைக் கணினியிற் பதித்தார்.

அச்சாடியிலே நுட்பங்கள் பல இருந்தன. பிடியின் நடுவே வெற்றிடம் உண்டு. மூக்கின் நிழல் வயிற்றின்மேல் விழும். குவிந்த வளைவும் குழிந்த வளைவும் ஒருங்கே அமைந்திருந்தன. ஆராய்ச்சியாளருக்கு இதனினும் சிறந்த சோதனைப் பொருள் வேறு ஏது? நியூவெல் தம் எண்களை எல்லோருக்கும் வழங்கினார். ஒளியைப் பற்றி ஆராய்ந்தோர் யாவரும் அதே சாடிக்குத் தத்தம் முறைப்படி ஒளியூட்டிப் பார்த்தனர். 1995 இல் வெளிவந்த ‘டோய் ஸ்டோரி’ திரைப்படத்திற்கூட அச்சாடி தலைகாட்டுகின்றது. நியூவெல் வீட்டின் உண்மைச் சாடி இன்று கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கின்றது. அது கணினிச் சாடியிலும் சற்று உயரமானது. ஜிம் பிளின் என்பவர் ஒரு செயல்விளக்கத்துக்காகக் கணினிச் சாடியின் உயரத்தைக் குறைத்தார். அத்தோற்றமே அழகென்று கண்டு அப்படியே விட்டுவிட்டனர்.

இக்கதையில் நாம் கருதவேண்டியது ஒன்று. உருவம் ஒருவரால் ஒருமுறை அமைக்கப்பட்டது, ஒளியூட்டியவர்களோ பலர். இரண்டு தொழில்களும் பிரிந்து நின்றமையாலேயே இது இயன்றது.

பரப்பு அமைக்கும் இரு வழிகள்

வளைந்த பரப்பைக் கணினிக்கு எவ்வாறு எடுத்துச் சொல்வது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, கணிதச் சூத்திர வழி. மோட்டார் வாகனத்தின் உடலை வடிவமைக்கும் தேவையிலிருந்து இது பிறந்தது. பிரான்சிலே சித்ரோயன் நிறுவனத்தில் பணிபுரிந்த போல் த கஸ்தெல்ஜோ என்பவர் 1959 இல் இதற்கொரு முறையைக் கண்டார். ஆனால், நிறுவனம் அதனை இரகசியமாகவே வைத்துக்கொண்டது. ரெனோ நிறுவனத்தின் பொறியியலாளரான பியர் பெசியே, தனியாக அதே முடிவுக்கு வந்து 1960களில் வெளியிட்டார். ஆகவே அவ்வளைவுகளுக்குப் பெசியேயின் பெயரே நிலைத்தது. நியூவெலின் சாடி இன்று வழங்கும் வடிவில் இத்தகைய 32 பரப்புத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டையும் 16 புள்ளிகள் ஆளுகின்றன. பந்தலிற் கட்டிய துணியைக் கயிறுகள் ஆங்காங்கே இழுத்து வளைப்பதுபோல, இப்புள்ளிகள் பரப்பை இழுத்து வளைக்கின்றன.

பெசியேயின் வளைவுக்கு ஒரு குறையுண்டு. வட்டத்தை அது மிக நெருங்குமேயன்றி, மிகச் சரியான வட்டமாக ஆகாது. இக்குறையை நீக்கி, வட்டத்தையும் நீள்வட்டத்தையும் பிழையின்றிக் குறிக்கவல்ல பொதுவான முறையே இன்று ‘நர்ப்ஸ்’ என வழங்குகின்றது. கென் வெர்ஸ்பிரில் 1975 இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்த ஆய்வு இதற்கு அடிகோலியது. அளவு பிசகக்கூடாத பொருள்களுக்கு, அதாவது கப்பலின் உடல், இயந்திர உறுப்பு, மோதிரம், போத்தல் போன்றவற்றுக்கு, இம்முறையே ஏற்றது.

இரண்டாவது, வலை வழி. மீன்வலையை ஒரு பானையின்மேற் போர்த்தி இறுக்கியதாக எண்ணிக்கொள்ளுங்கள். வலையின் ஒவ்வொரு கண்ணும் ஒரு சிறு தட்டையான பரப்பு. முடிச்சுகளின் இடத்தைக் கணினி அறிந்தால் உருவமும் அறியப்படும். கண்கள் பெரிதாயின் உருவம் கரடுமுரடாகும், சிறிதாயின் வழுவழுப்பாகும். 1978 இல் எட்வின் கட்மல், ஜிம் கிளார்க் என்னும் இருவரும், பெரிய கண்களையுடைய வலையை விதிப்படி மீண்டும் மீண்டும் பகுத்து மென்மையான பரப்பாக்கும் முறையொன்றை வெளியிட்டனர். முகம், மிருகம், ஆடை முதலிய உயிரோட்டமுள்ள உருவங்களுக்கு இது மிகப் பொருந்தும். 1997 இல் பிக்சார் நிறுவனம் தயாரித்த ‘ஜெரியின் ஆட்டம்’ என்னும் குறும்படத்தின் கிழவர் இம்முறையாலேயே உருவாக்கப்பட்டவர்.

ஆகவே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "எந்த மென்பொருள் சிறந்தது?" என்பதன்று. "நான் செய்யப்போகும் பொருள் அளவுகோலுக்குக் கட்டுப்பட்டதா, அன்றிக் கண்ணுக்கு மட்டும் கட்டுப்பட்டதா?" என்பதே.

ஒளியின் கணக்கு

இனி மருமகளின் கேள்விக்கு வருவோம். ஒளியூட்டும் மென்பொருள்களிற் பெரும்பாலானவை கணிதப் பரப்பை நேரே வாங்கிக்கொள்வதில்லை. அவற்றுக்கு வேண்டுவது வலை. எனவே மருமகளின் சாடியும் வழியிலே வலையாக மாறியிருந்தது. வலையின் கண்கள் தட்டையானவை. அப்படியாயின் வயிறு எவ்வாறு வழுவழுப்பாகத் தோன்றிற்று?

அது ஓர் இனிய ஏமாற்று வித்தை. 1971 இல் யூட்டாவிற் பயின்ற ஹென்றி கூரோ என்னும் பிரெஞ்சுக்காரர், தம் மனைவியின் முகத்திலே கோடுகளை வரைந்து, புகைப்படமெடுத்து, அம்முகத்தைச் சிறு பலகோணங்களாகக் கணினியில் அமைத்தார். அடுத்தடுத்த துண்டுகளின் ஒளியைப் படிப்படியாக ஒன்றோடொன்று கலந்துவிட்டால், மூட்டுகள் கண்ணுக்குத் தெரியாமற் போகும் என்று காட்டினார். ஹனோயிற் பிறந்து யூட்டாவிற் பயின்ற பூய் துவாங் பொங் என்பவர் இதனை மேலும் செம்மைப்படுத்தி, பளபளப்பான புள்ளிகளும் இயல்பாகத் தோன்றும்படி செய்தார். அவர் 1975 இல், தம் 32 ஆம் வயதிற் காலமானார். அவர் வகுத்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஆனால், இவ்வித்தை ஒளியை மட்டுமே மாற்றும், உருவத்தை மாற்றாது. வயிற்றின் உட்பக்கத்தில் மூட்டுகளை மறைத்துவிடலாம். வானமும் சாடியும் சந்திக்கும் புறவிளிம்பிலோ மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே வலையின் உண்மை வடிவம் அப்படியே வெளிப்பட்டுவிடும். வயிறு பொய் சொல்லும். விளிம்பு பொய் சொல்லாது. மருமகள் கண்ட முறிவு ஒளியூட்டியவரின் பிழையன்று. கணினியின் பலவீனமுமன்று. கரடுமுரடான வலையின் பிழை.

ஒளியின் கணக்கு அதற்குப்பின் வெகுதூரம் வளர்ந்துவிட்டது. 1980 இல் டேர்னர் விட்டெட் என்பவர், கண்ணிலிருந்து கதிர்களைப் பின்னோக்கிச் செலுத்தி, அவை கண்ணாடியிலே தெறித்தும் பளிங்கிலே முறிந்தும் செல்வதைத் தொடர்ந்து கணக்கிட்டார். அவர் ஆக்கிய புகழ்பெற்ற படம் ஒன்றுக்கு அக்காலக் கணினி 74 நிமிடங்கள் எடுத்தது. 1986 இல் ஜேம்ஸ் கஜியா, ஒரு பரப்பிலிருந்து வெளியேறும் ஒளி முழுவதையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். இன்றைய ஒளியூட்டும் மென்பொருள்கள் பலவும் அச்சமன்பாட்டின் விடையைத்தான் தேடுகின்றன. எண்ணற்ற கதிர்களை எழுந்தமானமாகச் செலுத்தி, அவற்றின் சராசரியைக் கொள்கின்றன. கதிர்கள் குறைவாயின் படத்திலே மணல் தூவியதுபோற் பொருக்குத் தோன்றும். அப்பொருக்கைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர்கள் வேண்டும். அஃதாவது, நான்கு மடங்கு நேரம் வேண்டும். வலுவான கணினிக்கு உண்மையில் வேலையிருப்பது இங்கேதான். வலுக் குறைந்த கணினியில் நேரம் கூடுமேயன்றி, படம் பழுதாவதில்லை.

எதனைத் தெரிந்தெடுப்பது?

இப்பொழுது சில மென்பொருள்களைப் பெயர் சொல்லியே பார்ப்போம்.

அளவு தவறாத வளைபரப்புகளுக்குப் பெயர்பெற்றது ரைனோசெரஸ். காண்டாமிருகத்தின் பெயரைக் கொண்ட இம்மென்பொருளை, சுருக்கமாக ரைனோ என்பர். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ரொபர்ட் மக்னீல் நிறுவனம் 1998 இல் இதன் முதற் பதிப்பை வெளியிட்டது. நகை வடிவமைப்போரும் படகு கட்டுவோரும் கட்டடக் கலைஞரும் இதனை விரும்புகின்றனர். இது விலைக்குரியது, மாணவர்க்குக் குறைந்த விலையில் கிடைக்கின்றது. வாங்குமுன் சிலநாள் இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்கவும் வசதியுண்டு. வளைவான அழகுப் பரப்பைவிட அளவிட்ட இயந்திர உறுப்புகளையே செய்வோருக்கு ஃபிரீகாட் என்னும் இலவச மென்பொருள் இருக்கின்றது. நீண்ட காலம் வளர்ந்து 2024 நவம்பரில் அதன் 1.0 ஆம் பதிப்பு வெளிவந்தது.

வலை வழியிலே உருவமைத்தல், அசைவூட்டல், ஒளியூட்டல் ஆகிய அனைத்தையும் ஒருங்கே தருவது பிளெண்டர். இதன் வரலாறு மாணவர் அறியத்தக்கது. நெதர்லாந்தைச் சேர்ந்த டொன் ரூசெண்டால் 1994 இல் இதனை எழுதத் தொடங்கினார். 2002 இல் இதனை விற்ற கொம்பனி மூடப்பட்டபோது, மூலநிரலை விடுவிக்க 1,00,000 யூரோ வேண்டியிருந்தது. உலகெங்கும் இதனைப் பயன்படுத்தியோர் ஏழே வாரங்களில் அத்தொகையைச் சேர்த்துக் கொடுத்தனர். அன்று தொட்டு எவரும் காசு கொடாமற் பெறலாம், திருத்தவும் செய்யலாம். இலாத்வியா நாட்டின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய ‘ஃபுளோ’ என்னும் படம் பிளெண்டரிலே உருவாகி, 2025 இல் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. இலவசக் கருவியால் நல்ல வேலை நடவாது என்போருக்கு இதனினும் வேறு விடை வேண்டியதில்லை.

ஒளியூட்டலுக்கென்றே அமைந்தவையும் உண்டு. பல்கேரியாவின் சோபியா நகரிற் பிறந்த வி-ரே கட்டடக் காட்சிகளுக்குப் புகழ்பெற்றது. கீஷொட் என்பது பொறியியற் கோப்புகளை நேரே திறந்து விற்பனைப் படங்களை விரைவில் ஆக்கித்தர வல்லது. இவை விலைக்குரியவை. கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவருக்கு பொவ்-ரே என்னும் பழைய இலவச மென்பொருளைச் சிபாரிசு செய்வேன். அங்கே காட்சியை எழுத்திலே எழுதிக் கொடுக்கவேண்டும். கோளத்தைக் கோளமாகவே கணக்கிடுமாதலால், எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் விளிம்பு முறியாது.

இனிச் சேர்க்கை. படமோ அசைவோதான் முடிவு என்றால், பிளெண்டர் ஒன்றே போதும், சேர்க்கையே வேண்டியதில்லை. செய்து முடிக்கும் பொருளும் வேண்டும், அழகிய படமும் வேண்டும் என்றால், ரைனோவில் உருவமைத்துப் பிளெண்டரில் ஒளியூட்டலாம். செலவு முடியாதவர் முதலாவதன் இடத்திலே ஃபிரீகாட்டை வைத்துக்கொள்ளலாம். அவசரமாகச் சாதாரண படமொன்று மட்டும் வேண்டுமாயின், ரைனோவுக்குள்ளேயே அதனைச் செய்யலாம். பிளெண்டருக்கென எழுதப்பட்ட ‘சைக்கிள்ஸ்’ என்னும் ஒளியூட்டும் பொறி 2013 முதல் பிறரும் எடுத்தாளும்படி விடுவிக்கப்பட்டது. ரைனோவும் அதனைத் தன்னுள்ளே சேர்த்துக்கொண்டுள்ளது. போட்டிக் கடைகளென்று நாம் எண்ணுபவை உள்ளே ஒரே அடுப்பிற் சமைப்பதும் உண்டு!

பொருத்திலே வரும் பிழை

இரண்டு மென்பொருள்களைச் சேர்ப்போர் இடறி விழும் இடம், இரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்துத்தான். தச்சன் செய்த கதவும் நன்று, கொல்லன் செய்த கீலும் நன்று; பொருத்தியவன் பிசகினால் கதவு சாத்தாது.

கோப்பு வகைகளில் இரண்டு சாதிகள் உண்டு. ஸ்டெப், ஐஜஸ் என்பவை கணிதப் பரப்பை அப்படியே சுமந்து செல்வன. ஓபிஜே, எஸ்டிஎல், ஜிஎல்டிஎஃப் என்பவை பொதுவாக வலையைச் சுமந்து செல்வன. பரப்பை வலையாக்குவது எளிது. வலையை மீண்டும் செம்மையான பரப்பாக்குவதோ மிகக் கடினம். மாவைப் பிட்டாக்கலாம், பிட்டை மாவாக்க முடியுமா? ஆகவே மூலக்கோப்பை எக்காரணங்கொண்டும் அழித்துவிடலாகாது.

பரப்பு வலையாகும்போது, கண்கள் எவ்வளவு சிறிதாகவேண்டும் என்று மென்பொருள் நம்மைக் கேட்கும். பலர் அதனைக் கவனியாது சரி என்று அமத்திவிடுவர். அங்கேதான் மருமகளின் சாடி முறிந்தது. அவள் சாடியின் வயிற்றுக்கு ஆரை 70 மில்லிமீற்றர். வலையாக்கியபோது அவ்வட்டம் 24 பக்கங்களையுடைய பலகோணமாகியிருந்தது. உண்மை வட்டத்துக்கும் பலகோணப் பக்கத்தின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை மாணவர் தாமே கணக்கிடலாம். 180 பாகையை 24 ஆல் வகுத்தால் 7.5 பாகை. அதன் கோசைனை ஆரையாற் பெருக்கி, ஆரையிலிருந்து கழித்தால், ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் வரும். படத்திலே சாடியின் அகலம் 2,000 புள்ளிகளை நிரப்புமாயின், இவ்விடைவெளி எட்டுப் புள்ளிகளுக்கு மேலாகும். கண் அதனைக் காணாதிருக்குமா? பக்கங்களை 96 ஆக்கினால் இடைவெளி 0.04 மில்லிமீற்றருக்குங் குறைவு. படத்தில் அது அரைப் புள்ளியளவே. பக்கங்களை நான்கு மடங்காக்கினால் பிழை பதினாறில் ஒன்றாகின்றது. ஆனாலும், வேண்டாத இடத்திலும் கண்களைச் சிறிதாக்கினால் கோப்புப் பருத்துக் கணினி திணறும். தேவையான அளவே போதும்.

வேறு மூன்று செய்திகளையும் மனத்திற் கொள்க. முதலாவது அலகு. எஸ்டிஎல் கோப்பில் எண் உண்டே தவிர, அது மில்லிமீற்றரா அங்குலமா என்ற குறிப்பு இல்லை. சாடி வீட்டளவாகவும் எறும்பளவாகவும் மாறிவிடலாம். இரண்டாவது திசை. சில மென்பொருள்களில் மேல்நோக்கிய அச்சு ஒன்று, வேறு சிலவற்றிற் பிறிதொன்று. நிமிர்ந்த சாடி படுத்துக்கிடக்கக் கண்டு அஞ்சவேண்டாம். மூன்றாவது முகம். பரப்பின் உட்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்பது மாறிவிட்டால், ஒளியூட்டும்போது கரும்படலங்கள் தோன்றும். நெடுநாள் உழைத்த உருவத்தை முதன்முறையாகக் கொண்டுசெல்லுமுன், ஒரு பெட்டியையும் ஒரு கோளத்தையும் அனுப்பிப் பரீட்சித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை ஐந்து நாள் துன்பத்தைத் தவிர்க்கும்.

காப்புகள் தப்பின

அன்று மாலை மருமகளும் நானும் மூலக்கோப்பைத் திறந்தோம். நல்லகாலம், அவள் அதனை அழித்திருக்கவில்லை. வலையின் அளவை மாற்றி மீண்டும் அனுப்பினோம். ஒளியூட்டலைத் தொடக்கிவிட்டு இராச்சாப்பாட்டுக்குச் சென்றோம். பழைய கணினி மெதுவாகவே வேலை செய்தது; ஆனால் காலையில் எழுந்து பார்த்தபோது படம் முடிந்திருந்தது. புறவிளிம்பு மயிரிழை பிசகாது வளைந்து சென்றது. தமக்கையார் படத்தைப் பார்த்தார். பின்னர் தம் கையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் சென்றுவிட்டார்.

புதிய கணினி ஒருபோதும் வேண்டியதில்லை என்று நான் சொல்லவரவில்லை. அசைபடம் செய்வோருக்கும் பெரிய கட்டடக் காட்சிகளை ஆக்குவோருக்கும் வலுவான கணினி வேண்டியதே. ஆனால், வாங்குமுன் குறை எங்கே என்று அறியவேண்டும். உருவத்திற் குறையா, ஒளியிற் குறையா, இரண்டையும் இணைத்த பொருத்திற் குறையா? இம்மூன்றையும் பிரித்தறியாதவர் எவ்வளவு விலை கொடுத்தாலும் அதே குறையைப் புதிய கணினியிலும் காண்பர்.

பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளை எதனைச் செய்ய விரும்புகின்றது என்று முதலிற் கேளுங்கள், பின்பே கடைக்குச் செல்லுங்கள். மாணவருக்கு ஒரு சொல்: முதலாண்டில் இலவச மென்பொருள் ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். களவாகப் படியெடுத்த மென்பொருளை நாடவேண்டிய தேவை இன்று எவருக்கும் இல்லை. கற்ற ஒன்று செய்ய இயலாத வேலை எதிர்ப்படும்போது இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளலாம். நியூவெல் தம் சாடியைத் தொடங்கியது வரைபுத்தாளிலும் பென்சிலிலுந்தான். உளி எதுவாயினும், கல்லையும் ஒளியையும் அறிந்த கையே சிலையைச் செய்கின்றது.